கைதட்டிப் பார்த்துவிட்டு ஸ்பீக்கர் வாங்குங்கள்

"அண்ணை, வீட்டில பாட்டுக் கேக்க நல்ல செற் ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டு வருபவர்களிடம் நான் இரண்டு விஷயம் விசாரிப்பேன். எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்? யாருடைய பாட்டைக் கேட்கப் போகிறீர்கள்? காசுக் கணக்கு அதற்குப் பிறகுதான். முப்பது வருடமாக எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. இசைத்தட்டு, கசெற், சீடி, இப்போது போனில் வரும் பாட்டு என்று எல்லாவற்றையும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் உள்ள ஒரே சின்ன அறையில் கேட்டு வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கொழும்புத் தொடர்மாடியில் பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மலிவான சாமான் இல்லை. அறைக்குப் பொருந்தாத பெரிய சாமான்தான்.

அண்மையில் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. தரை முழுக்க டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர், ஒரு யன்னல், ஒரு சோபா. இரண்டு மூலையிலும் நெஞ்சளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ரி.வி.க்குக் கீழே சப்வூபர். பாடகர் டி.எம்.எஸ்.ஸின் பாட்டொன்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கிணத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கெல்லோ அண்ணை? பழைய ரெக்கோடிங் எண்டபடியாலயோ?"

"பாட்டை நிப்பாட்டும். அறைக்கு நடுவில நிண்டு ஒருக்காக் கைதட்டும் பாப்பம்."

தட்டினார். 'டப்' என்று முடிந்திருக்க வேண்டிய சத்தம், கம்பியைச் சுண்டிவிட்டது போல 'டர்ர்ரிங்' என்று இழுபட்டு அடங்கியது. எதிரெதிரே நிற்கும் இரண்டு வெறுஞ்சுவர்கள் சத்தத்தை மாறி மாறி எறிந்து பிடிக்கின்றன. கைதட்டலுக்கு ஒட்டிக்கொண்ட இந்த வால், பாட்டில் வரும் ஒவ்வொரு 'க'வுக்கும் 'ட'வுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லின் வால் அடங்க முன் அடுத்த சொல் வந்துவிடும். டைல்ஸ் தரையும் சீமெந்துச் சுவரும் உள்ள எந்த அறையிலும் இதுதான் நடக்கும். எவ்வளவு விலையான ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் இது மாறாது.

கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் வேறு. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். பன்னிரண்டடி என்பது 3.66 மீற்றர், ஒரு சுவரில் பட்டு மற்றச் சுவருக்குப் போய்த் திரும்ப 7.3 மீற்றர். அந்தத் தூரத்துக்குள் ஓர் அலை சரியாக அடங்கும் சுரம் எதுவோ, அந்தச் சுரத்தை அறை தானாகத் தூக்கிக் கொடுக்கும். இந்த அறையின் நீளத்துக்கு அது 48 ஹேர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு 57. கூரை ஒன்பதடி என்றால் 64. அதோடு நிற்காமல் இவற்றின் இரட்டிப்பான 95, 114, 127 ஆகிய இடங்களிலும் அறை முழங்கும். ஓர் ஆண் குரல் கீழே இறங்கும்போது போய் நிற்கும் இடம் இதுதான். டி.எம்.எஸ். அடிவயிற்றிலிருந்து ஒரு சொல்லை எடுக்கும்போது அறையும் கூடச் சேர்ந்து 'ஊம்' போடுகிறது. மூலையில் வைத்த ஸ்பீக்கர் இந்த முழக்கத்தை இன்னும் கூட்டும். தரை, இரண்டு சுவர் என்று மூன்று பக்கத்திலும் அடித்துத் திரும்பும் தாழ்ந்த ஒலி ஒன்றுசேர்ந்து வருவதற்கு மூலையைப் போல வசதியான இடம் வேறில்லை. போதாததற்குச் சப்வூபர்.

அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான். சப்வூபரை நிறுத்தினோம். ஸ்பீக்கர் இரண்டையும் மூலையிலிருந்து வெளியே எடுத்து, பின்சுவரிலிருந்து இரண்டடி, பக்கச் சுவரிலிருந்து ஒன்றரையடி தள்ளி வைத்தோம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் சோபாவில் இருப்பவரின் காதுக்குள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக, ஒரு முக்கோணம் போல வரப் பார்த்தோம். ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் காற்று வந்துபோக ஒரு துவாரம் இருந்தது. அதற்குள் பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி அடைத்தோம். அடைத்தால் தாழ்ந்த ஒலி குறைந்து இறுக்கமாகும். படுக்கையறைக் கம்பளத்தைச் சோபாவுக்கு முன்னால் விரித்தோம். யன்னலுக்குத் தடித்த திரை. புத்தக அலுமாரியை, உள்ளே புத்தகங்கள் முன்னும் பின்னுமாக இருந்தபடியே, சோபாவுக்குப் பின்சுவரில் நிறுத்தினோம்.

ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. அதே பாட்டை மறுபடி போட்டோம். டி.எம்.எஸ். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ரி.வி. இருந்த இடத்தில், ஆளளவாக வந்து நின்றார். 'ழ'கரத்துக்கு நாக்கு மடிவதுகூடக் கேட்டது.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். நம் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இலங்கை வானொலியை விடச் சிறந்த சாட்சி கிடையாது. இந்தத் தீவில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசப்படைகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்துக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலி நடந்தது. போர் முடிந்த பின் அதன் பலமான சிற்றலை வசதி இங்கேயே தங்கியது. 1949-இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைக்க, இந்தியாவின் காதுகள் கொழும்புப் பக்கம் திரும்பின. இந்தியா விழித்துக்கொண்டு 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டுத் தென்கோடி வீடுகளில் கொழும்பின் தமிழ்ச் சேவைதான் பாடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் தெரியாத வீடு அந்தக் காலத்தில் அங்கே அருமை.

அவர்கள் கேட்டது என்ன தரத்தில்? சிற்றலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் வந்து சேராது. சின்ன ரேடியோப் பெட்டியின் ஸ்பீக்கரில் 150-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. மனிதக் காது கேட்கக்கூடியது 20-இலிருந்து 20,000 வரை என்பார்கள். அதில் மேலும் கீழும் வெட்டியெறிந்து நடுத்துண்டை மட்டும் அனுப்பினார்கள். அந்த நடுத்துண்டைக் கேட்டுத்தான் இரண்டு கரையிலும் ஆட்கள் பி. சுசீலாவுக்கு உருகினார்கள், பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்தார்கள். காரணம், குரலின் சுரங்களும் சொல்லை விளங்கவைக்கும் மெய்யெழுத்துகளின் பெரும்பகுதியும் அந்த நடுத்துண்டுக்குள் அடங்கிவிடும். காதும் 2,000-இலிருந்து 5,000 வரைதான் மிகக் கூர்மையாக இருக்கும். கோயில் திருவிழாவிலும் கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாளிலும் கட்டும் குழல் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். அதில் தாழ்ந்த ஒலி என்று எதுவுமே வராது. ஆனாலும் எத்தனையோ வீதி தாண்டிச் சொல் விளங்கும்.

ஆகவே என் முதல் விதி: குரலைச் சுத்தமாகத் தரும் ஸ்பீக்கரை எடுங்கள், அடித்தாளம் இரண்டாம் பட்சம். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு அடி அதிர்வதற்கென்றே தெரிந்தெடுத்த பாட்டாக இருக்கும். அதை நம்பவேண்டாம். போகும்போது உங்கள் அம்மா பேசுவதைப் போனில் பதிவுசெய்து கொண்டு போங்கள். ஒரு நிமிடம் போதும். சந்தையில் மீன் விலை என்னவென்று சொல்லட்டும். அந்தக் குரல் உண்மையில் எப்படி இருக்கும் என்பது உங்களைப் போல வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தடிமன் பிடித்தது போல, நெஞ்சுக்குள்ளிருந்து பேசுவது போல, அல்லது 'ச' எல்லாம் சீறுவது போலக் கேட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிபிசி பொறியியலாளர்கள் தங்கள் ஸ்பீக்கர்களை வடிவமைத்தபோது நேரில் பேசும் ஆளின் குரலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் திருத்தினார்கள். அப்படி எழுபதுகளில் பிறந்ததுதான் எல்எஸ் 3/5ஏ என்ற பேர்பெற்ற சின்னப் பெட்டி. வெளிக்கள ஒலிபரப்பு வாகனத்துக்குள், ஓர் ஆள் இருக்கவே இடம் காணாத இடத்தில் வைத்துக் கேட்பதற்காகச் செய்தது. சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, முற்றாக மூடியது, பின்னால் துவாரம் கிடையாது. இப்போது அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் அந்த எண்ணம், அதாவது சின்ன இடத்துக்கு மூடிய சின்னப் பெட்டி, குரலுக்கு முதல் மரியாதை என்பது, வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அம்பிளிபயர் எத்தனை வாட் வேண்டும் என்பதில்தான் ஆட்கள் மிக அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரேயொரு வாட்டில், ஒரு மீற்றர் தூரத்தில், 87 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். இரண்டு பேர் இருந்து கதைப்பது 60, 65 டெசிபல்தான். அப்படியென்றால் ஒரு வாட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். சத்தத்தை 3 டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிக்க வேண்டும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் பத்து மடங்கு. 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையில் காது உணர்வது ஒரு சின்ன வித்தியாசம் மட்டுமே. 1978-இல் வந்த என்ஏடி 3020 என்ற அம்பிளிபயர் பக்கத்துக்கு 20 வாட்தான் தந்தது. அதை இன்றைக்கும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்திருந்தால் அதைப் பார்க்க வேண்டாம். பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். மின்சாரம் 60 வாட் எடுக்கும் என்று அங்கே போட்டிருந்தால், அந்தப் பெட்டியால் 60-க்கு மேல் தொடர்ந்து தர வழியே இல்லை. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் என்றதும் இன்னொன்று. தொடர்மாடியில் சீமெந்துத் தட்டையும் சுவரையும் ஊடுருவிப் போவது தாழ்ந்த ஒலி. குரல் சுவரோடு நின்றுவிடும். 'தும் தும்' மட்டும் கீழ்வீட்டுக்கு இறங்கும். கீழ்வீட்டில் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் இருக்கக்கூடும். சப்வூபரைத் தரையில் வைப்பது அவர்களின் கூரையில் வைப்பதுதான். இரவில் மெதுவாகக் கேட்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகப் படும் என்பதும் உண்மை. அதற்காகவே பழைய அம்பிளிபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மெதுவாகக் கேட்கும்போது அதைப் போடுங்கள், சத்தத்தைக் கூட்டும்போது நிறுத்திவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு ஹெட்போன்.

வயர் விஷயம் ஒரே வரியில்: மூன்று நாலு மீற்றருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும், அதற்கு மேல் செலவழிக்கும் காசைக் கம்பளத்தில் போடுங்கள்.

யாருடைய பாட்டு என்று முதலில் கேட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் பாட்டெல்லாம் மோனோ. இடம் வலம் என்ற பிரிவே அதில் கிடையாது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வந்து, சரியாக நடுவில் ஒன்றுசேர வேண்டும். ஆனால் பிற்காலத்தில் இவற்றைச் 'ஸ்டீரியோ' ஆக்குகிறோம் என்று தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலியை மறுபக்கமும் தள்ளி, எதிரொலி சேர்த்து வெளியிட்டார்கள். பாடகர் கண்டசாலாவின் குரல் இரண்டாகக் கிழிந்து கிடக்கும். மோனோவாகவே விட்ட பிரதி கிடைத்தால் அதைத் தேடிப் பிடியுங்கள். அம்பிளிபயரில் மோனோப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். போனிலும் அந்த வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஒரே ஸ்பீக்கரில் கேட்டாலும் ஒன்றும் குறையாது.

தமிழ்த் திரைப்பாட்டு ஸ்டீரியோவுக்கு வந்தது 1978-இல், 'பிரியா' படத்தோடு என்று சொல்வார்கள். அதிலிருந்து எண்பதுகள் முடியும் வரை இளையராஜா செய்த ஒலிப்பதிவுகளை இன்ரெக்கோ, எக்கோ இசைத்தட்டுகளில் கேட்கக் கிடைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு கிதார் இடது ஓரத்தில், வயலின் கூட்டம் வலதில், குரல் நடுவில். எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ் கிதார், தன்பாட்டில் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். இந்தப் பேஸ் கிதாரை வைத்துத்தான் நான் ஸ்பீக்கரின் அடிப்பக்கத்தைச் சோதிப்பேன். அதன் ஆகத் தாழ்ந்த கம்பி 41 ஹேர்ட்ஸ். ஆனால் மெட்டை விளங்கவைப்பது அதன் இரட்டிப்பும் மும்மடங்குமான 82, 123. ஆகவே 60, 70 வரை ஒழுங்காக இறங்கும் சின்னப் பெட்டி போதும். நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தப் பேஸ் மெட்டை என்னால் வாயால் முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால் பெட்டி நல்லது. எல்லாச் சுரமும் ஒரே 'டொம்'மாகக் கேட்டால், பெட்டியோ அறையோ பொய் சொல்கிறது. இளையராஜாவை ஒரே முழக்கமாக்கிவிடும் செற்றை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன்.

நம் ஊர்ப் பாட்டை விட்டுவிடக் கூடாது. எழுபதுகளில் இங்கே பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் ஓர் அலை அடித்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தத் தீவில் ஊறிய பைலாவின் தாளமும், நம் வீட்டுப் பேச்சுத் தமிழும், இடையிடையே சிங்களமும். சிங்களப் பக்கத்தில் அதே காலத்தை ஒட்டி கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு, ஜெரால்ட் விக்கிரமசூரியவின் சூரியா இசைத்தட்டுகள். 'சுராங்கனி' கடல் தாண்டி 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் கைக்கும் போனது. இந்தப் பாட்டுகளைத் தரக்குறைவாகப் பேசும் சங்கீத ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. ஒலிப்பதிவோ எளிமையானது: கிதார், கொங்கோ, கைதட்டல், குரல். ஆகவே பெரிய செற் அதற்கு வேண்டாம். கைதட்டல் உண்மையான கைதட்டலாகக் கேட்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் அது துள்ளும். கைதட்டல் எண்ணெயில் அப்பளம் பொரிவது போலக் கேட்டால், நீங்கள் போட்டிருப்பது பலமுறை சுருக்கிய எம்பி3 பிரதி. வேறு பிரதி தேடுங்கள்.

1992-இல் 'ரோஜா' வந்தபோது கதை மாறியது. ஏ.ஆர். ரஹ்மானும் ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரும் சேர்ந்து கொடுத்த அடிப்பக்கத்துக்கு ஆழமும், மெல்லிய சத்தங்களுக்கு அதுவரை நாம் கேட்டிராத ஓர் இடைவெளியும் இருந்தன. ரஹ்மானை மட்டுமே கேட்பவர் ஒருவர் சப்வூபர் கேட்டால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் சின்னது வாங்கி, மூலையை விட்டுத் தள்ளி, ஒரு ரப்பர்ப் பாயின் மேல் வைத்து, இருக்கிறதென்று தெரியாத அளவுக்குக் குறைத்து வைக்கச் சொல்வேன். அதன் பிறகு வந்த காலத்தில்தான் எனக்கு மனவருத்தம். ஒவ்வொரு பாட்டும் மற்றதை விடச் சத்தமாக இருக்க வேண்டும் என்று, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிவிட்டார்கள். பழைய பாட்டுகளையும் அதே போல அமுக்கி மறுபடி வெளியிட்டார்கள். பல்லவி ரகசியமாகத் தொடங்கி சரணத்தில் பொங்குவதுதானே அந்தப் பாட்டின் கட்டுமானம்? இரண்டும் ஒரே சத்தமானால் அரை மணித்தியாலத்தில் காது களைத்துவிடும். ஸ்பொட்டிபை போன்ற செயலிகளில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டு, பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். சத்தத்தின் மயக்கம் போனதும் எதில் உயிர் இருக்கிறது என்று உடனே தெரியும்.

இனிக் கடல். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இது தனிப் பாடம். உப்புக்காற்று செப்பைப் பச்சையாக்கும், பிளக்கின் முனையைக் கறுப்பாக்கும், சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகரக்க வைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிளக்கையும் கழற்றி, துடைத்து, திரும்பக் குத்துங்கள். பாதிக் கோளாறு அதிலேயே தீரும். கிழமைக்கு ஒருமுறை குமிழை முழுக்க வலமும் இடமும் பத்துத் தடவை திருப்புங்கள். பாவித்த ஸ்பீக்கர் வாங்கும்போது முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். அது ரப்பராக இருந்தால் வளைந்து கொடுக்கும். ஸ்பொஞ்சாக இருந்தால் நம் காற்றின் ஈரத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் இற்றுப்போயிருக்கும்; ஈரக் கேக் போல விரலில் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்பீக்கர் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. புது வளையம் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கொடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமானைப் பற்றி எச்சரிக்காமல் விடமுடியாது. எழுபது, எண்பதுகளின் ஜப்பானிய அம்பிளிபயர்களும் இசைத்தட்டுச் சுழற்றிகளும் அருமையானவை. ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. பின்னால் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும் கருவியை நேரே சுவரில் குத்தினால் முதல் விநாடியிலேயே புகைதான். நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி கட்டாயம் வேண்டும், அதுவும் கருவி எடுக்கும் வாட்டை விடப் பெரிதாக. அதற்கும் மேல் ஒரு பொறி இருக்கிறது. மேற்கு ஜப்பானில் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, இங்கே 50. பழைய சுழற்றிகள் சிலவற்றின் மோட்டார் இந்தச் சுற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழல வேண்டிய தட்டு இங்கே 27.8 தடவைதான் சுழலும். சுசீலா மூன்று சுரத்தானத்துக்கு மேல் கீழே இறங்கி, உறக்கத்தில் பாடுவது போலப் பாடுவார். மின்மாற்றி இதைத் திருத்தாது. மோட்டாரின் உருளையை மாற்ற வேண்டும்.

2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் நிற்பதைவிடத் திரும்பி வரும் கணம்தான் கருவிக்கு ஆபத்து. அந்த நேரத்தில் மின்னழுத்தம் ஒருமுறை எகிறும். கரண்ட் போனதும் போய்ச் சுவிச்சை நிறுத்துங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். என் நல்ல அம்பிளிபயர் ஒன்றை இந்த ஐந்து நிமிடப் பொறுமை இல்லாமல்தான் இழந்தேன். 12 வோல்ட் பற்றரியில் ஓடும் சின்ன 'டி' வகை அம்பிளிபயர்கள் இப்போது மலிவு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் விசாரித்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனைத் தம்பியின் அறைக்கு அப்படி ஒன்றே போதுமாயிருந்திருக்கும்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு வெள்ளவத்தையில் இன்னொரு விருந்தாளி உண்டு: கரையோர ரயில். எங்கள் வீட்டில் தெகிவளைப் பக்கம் போகும் வண்டி கடக்கும்போது, கண்ணாடித் தம்ளர் அசையாது, காதுக்கு எதுவும் கேட்காது. ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு மூச்சு வாங்குவது போல முன்னும் பின்னும் போய்வரும். தரையின் அதிர்வை ஊசி பாட்டென்று நினைத்துப் படிக்கிறது. சுழற்றியை மேசையில் வைத்தவரை இதுதான் நிலைமை. தாங்கு சுவரில் பலகை அடித்து, அதன்மேல் தடித்த ரப்பர் வைத்து, அதற்கு மேல் சுழற்றியை வைத்த பிறகு கூம்பு அடங்கிவிட்டது. 78 சுற்றுத் தட்டுகளை எல்பி ஊசியால் ஒருபோதும் போட வேண்டாம். அவற்றின் தடம் எல்பியின் தடத்தை விட மிக அகலம். மெல்லிய ஊசி அடியில் கிடக்கும் தூசியில் உராய்ந்து, பாட்டை விட்டுவிட்டுக் குப்பையை வாசிக்கும். அகல ஊசி தனியாக விற்கிறார்கள்.

கசெற்றுக்கு வருகிறேன். பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பாரில் பாட்டுப் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுத்து, ஒரு கிழமை காத்திருந்து, 60 நிமிடக் கசெற்றில் பதினாலு பாட்டு வாங்கி வந்த தலைமுறை நாங்கள். அந்தக் கசெற் இப்போது மங்கிக் கேட்டால் நாடா செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வாசிக்கும் தலை கொஞ்சம் சரிந்திருக்கும், அவ்வளவுதான். பிளேயரின் மூடியைத் திறந்தால் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அதை ஒரு நூலளவு திருப்புங்கள். ஓரிடத்தில் போர்வையை விலக்கியது போல 'ஸ'வும் சலங்கையும் பளிச்சென்று வரும். அங்கே நிறுத்துங்கள். முதலில் தலையைச் சுத்தமான ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். பஞ்சில் செம்மண் நிறத்தில் ஒட்டி வருவது இத்தனை வருட நாடாவின் தூள்.

கசெற்றைத் திருத்திக் கேட்பதோடு விடாமல் கணினியில் ஏற்றி வையுங்கள் என்று நான் எல்லோரையும் கெஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1983 யூலையில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தபோது இசைத்தட்டு அலுமாரிகளும் சேர்ந்து எரிந்தன. மிஞ்சியவற்றில் பல இடப்பெயர்வில் போயின. பூஞ்சணம் இன்றைக்கும் மிச்சத்தைத் தின்கிறது. இங்கே அச்சான தமிழ்த் தட்டுகளும் இங்கே ஒலிபரப்பான நிகழ்ச்சிகளும் வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காது. ஏற்றும்போது அளவுகாட்டியின் உச்சி சிவப்பைத் தொடாமல் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும். முதல் பிரதியில் இரைச்சலை நீக்கும் மென்பொருள் எதையும் பாவிக்க வேண்டாம். இரைச்சலோடு குரலின் மூச்சையும் அது துடைத்துவிடும். சுத்தம் செய்வதைப் பிரதியின் பிரதியில் செய்யுங்கள். எம்பி3 ஆகச் சுருக்காமல் முழு அளவில் சேமியுங்கள். கசெற் உறையில் கையால் எழுதியிருப்பதையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள்.

வானொலியிலிருந்து பதிவான கசெற் என்றால் பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் பேசுவது பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். பாட்டை மட்டும் தனியாக எடுக்க ஆசைப்பட்டு அதை நீக்கிவிடாதீர்கள். அந்தச் சினிமாப் பாட்டு நூறு இடத்தில் கிடைக்கும். என்னிடமுள்ள ஒரு கசெற்றில் நேயர் விருப்பம் கேட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: கொக்குவிலில் ஒரு குடும்பம், கொட்டாஞ்சேனையில் மூன்று சகோதரிகள், தூத்துக்குடியில் ஒருவர். நாலாவது பெயரின் முதல் எழுத்தில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், பாட்டுத் தொடங்குகிறது.